பல்வலிக்கு மடித்த வெற்றிலை

சின்னமனூர், 1931 தை, வெள்ளி

ரங்கூனிலிருந்து திரும்பிய மைத்துனனின் சம்பாத்தியம் ஒரு குடையும் ஒரு கொக்கேன் டப்பாவும். சுண்ணாம்போடு அந்தத் தூளையும் தடவித்தான் வெற்றிலை போடுகிறான். நேற்று மெல்லும்போது உள்கன்னத்தைக் கடித்து ரத்தம் வழிந்தது. வாய் மரத்துக் கிடந்ததால் அவனுக்குத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே பேசினான்.

இன்று மத்தியானம் பல்வலியில் துடித்த என் மனைவிக்கும் ஒன்று மடித்துக் கொடுத்துவிட்டான்.

"வலி போயிருச்சாக்கா?"

"ஏலே, நாக்கு இருக்கான்னே தெரியலடா!"

நாக்கு மரத்தும் பேச்சு நிற்கவில்லை. நல்ல வைத்தியம் என்று நானும் மெச்சினேன்.

விளக்கு வைத்ததும் இன்னொன்று கேட்டாள். பயந்துபோய் டப்பாவை ஒளித்தேன். அடுப்படி, பரண் எல்லாம் தேடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டப்பாவை எங்கன வச்சிருக்கீக?"

"மறுபடியும் வலிக்குதா?"

"பல்லா? அது அப்பவே சரியாப் போச்சே. குடுங்க."

இதை எழுதும்போதும் கதவருகே நிற்கிறாள்.