உன் டிஷ்ஷில் காயும் வடகம்

அக்கா,

முதலில் ஒரு வெட்கங்கெட்ட சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உன் டிஷ்ஷை மாடியில் மல்லாத்திப் போட்டு, மேலே பழைய வேட்டித் துணியை விரித்து, கூழ் வடகம் காயவைக்கிறேன். வானத்திலிருந்து படம் பிடித்துக் கொடுத்த சாமானுக்கு நான் கொடுத்திருக்கும் வேலை இது. விழுப்புரத்தில் எங்கள் தெருவே பார்த்துவிட்டது. "மானம் போவுதும்மா" என்கிறாள் மகள். மானம் போனால் போகட்டும், கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குழிந்த தட்டு என்பதால் ஒரு வடகம்கூடத் தட்டையாகக் காய்வதில்லை. எல்லாம் காது மாதிரி வளைந்துகொள்கிறது.

இன்று காலை கூழ் கிண்டும்போது பச்சைமிளகாயும் சீரகமும் சேர்ந்து ஒரு வாசனை எழும்பியது. அதில் நீ வந்து நின்றுவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாங்கிளாஸ் படிப்பு, எழுத்துக்கூட்டி எழுதுவதில் தப்பு இருக்கும். இருந்தால் என்ன, நீ இரண்டாங்கிளாஸ்தானே, உனக்குத் தெரியப் போவதில்லை.

உன்னிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சிமெண்டுக் கலவையைப் பற்றி. நேராக அதற்கே வந்தால் எனக்கு எழுத வராது. சுற்றித்தான் வருவேன்.

தொண்ணூற்று மூன்று இருக்கும். வானூர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு நீயும் நானும் திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேலை முடிந்ததும் வீட்டுக்கார அம்மா கலர் டிவி வாங்கினார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை உனக்குக் கொடுத்தார்கள். செங்கல் தூக்குகிற அதே சும்மாட்டை வைத்து நீ அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாய்.

"இன்னாமா அது, டிவியா? அதுக்கு டிக்கெட்டு யாரு எடுக்கறது?" என்றார் கண்டக்டர்.

"அது எங்க சார் உக்காந்துச்சி? என் தல மேலதான கீது" என்றாய்.

பஸ் முழுக்கச் சிரித்தது. திண்டிவனம் வரும் வரை நீ அந்தப் பெட்டியை இறக்கவே இல்லை. இறக்கினால் டிக்கெட் கேட்பார் என்ற பயம் உனக்கு.

மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டியது நான்தான். சாரக் கயிறு, சாரத்துக்குப் போடுகிற அதே முடிச்சு. தினம் சாரத்தில் ஏறி இறங்குகிறவளுக்கு உன் தொகுப்பு வீட்டுத் தளம் ஓர் உயரமா? ஏணியை வைத்து ஏறி, கழியைப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரிப் பக்கம் கொஞ்சம், மெட்ராஸ் பக்கம் கொஞ்சம் என்று திருப்பினேன். நீ உள்ளே பெட்டிக்கு எதிரில்.

"வந்துச்சாக்கா?"

"வர்ல."

"இப்போ?"

"புள்ளிபுள்ளியா கீது. அந்தாண்ட திருப்பு."

"இப்போ?"

"போச்சி. இந்தாண்ட வா."

உச்சி வெயிலில் அரை மணி நேரம் அந்தாண்டயும் இந்தாண்டயும் திரும்பினேன். அப்புறம் பார்த்தால் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கணீரென்று வருகிறது. தளத்தில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் வறுத்த மல்லாட்டையைக் கொட்டித் தோலுரித்துத் தின்றுகொண்டு, பளிச்சென்று ஓடுகிற படத்தைப் பார்த்தபடி, "வர்லடி, இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

இறங்கி வந்து கத்தினேன். "நீ மேல நின்னுகினு இருந்தாத்தான்டி படம் நல்லா வருது" என்று சொல்லி எனக்கும் ஒரு பிடி மல்லாட்டையை நீட்டினாய்.

அந்த ஒரு நாளை நான் பின்னால் ஞாபகம் வைத்திருந்திருக்க வேண்டும். எத்தனையோ வேண்டாததை வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு உன் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கதவைத் தாழ் போடாதே என்பாய். கதவுக்குத் தாழே இல்லை என்பது வேறு. வெளியே காற்று அடித்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்க் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாதிப் படம் பார்த்தவர்களே நம் தெருவில் அதிகம்.

அப்புறம் கேபிள் வந்தது. வசதி உள்ளவர்கள் இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் கவர்மெண்டே வீட்டுக்கு ஒரு கலர் டிவி ஓசியாகக் கொடுத்தது. நீயும்தான் வரிசையில் நின்று வாங்கி வந்தாய். கலரில் பார்த்தபோது கன்னத்தில் கைவைத்துக்கொண்டாய். ஆனால் எல்லார் வீட்டிலும் அதே பெட்டி, அதே கலர். உன் வீட்டுக்கு வர யாருக்கும் ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. உன் பிள்ளையும் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். நானும் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு அவளுக்குத் துணையாக விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன். உனக்கு முழங்கால் போய் வேலையும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ மட்டும் பாயை முழுசாக விரித்துவைப்பாய் என்று செல்வி சொன்னாள். செல்வி உன் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

ஆன்டெனாவில் படம் நாளுக்கு நாள் மோசமானது. தெருவில் ஒவ்வொரு கழியாக இறங்கிக் கொடிக்கம்பம் ஆனது, கோழிக்கூண்டுக்கு முட்டு ஆனது. இனிமேல் எல்லாம் டிஜிட்டல் என்றார்கள். மாசாமாசம் காசு கட்டத் தேவையில்லாத டிஷ் ஒன்று வந்திருக்கிறது, ஒரு தடவை மாட்டினால் போதும் என்று கேள்விப்பட்டு, உனக்கு அதை மாட்டச் சொன்னது நான்தான். உன் தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அதனால் கொல்லைப்பக்க ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, நாலு செங்கல்லும் இரண்டு மணல் மூட்டையும் முட்டுக் கொடுத்து டிஷ்ஷைப் பொருத்திவிட்டுப் போனார் மாட்ட வந்தவர்.

உனக்கு அது பிடிக்கவில்லை. "பழசுல புள்ளி அடிச்சாலும் ஆளு தெரியும்டி. இது வந்தா முழுசா வருது, இல்லன்னா தொடச்சி வெச்ச மாதிரி ஒண்ணுமே இல்ல. கொஞ்சமா வர்றதுன்னா இன்னான்னே இதுக்குத் தெரியல" என்றாய். பெரிய இன்ஜினியரு என்று உன்னைக் கிண்டல் பண்ணினேன்.

ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது உன் போன், செல்வியின் செல்லிலிருந்து.

"ஏய், டிஷ்ஷு போச்சிடி. வந்து இன்னான்னு பாரு."

"போன வாரம்தான சரி பண்ணேன்? உனக்குன்னு தனியா காத்து அடிக்குதா?"

"காத்து இல்லடி, காக்கா. மேல உக்காந்து உக்காந்து திருப்பிடுது."

"எவ்ளோ பெரிய காக்கா?"

"உன் சைஸு."

விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, உன் வீட்டுக்கு நடந்து, ஏணி போட்டு ஏறுவேன். டிஷ் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பி இருக்கும், கொல்லை முருங்கை மரத்துப் பக்கம். குழாயைப் பிடித்து இம்மி இம்மியாக நகர்த்தி, "வந்துச்சா?" என்பேன். "வர்ல" என்பாய். ஐந்து நிமிஷ வேலையை அரை மணிக்கு இழுப்பாய். இறங்கினால் கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் பொரித்த வடகமும் தயாராக இருக்கும். டிஷ் கெட்டுப்போகும் நாள் இவளுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது, கருவாடு எப்படி முந்தின நாளே வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்கு விழுப்புரத்தில் பெரிய கட்டட வேலை. ஒரு நாள் லீவு போட்டால் மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். "உங்க அக்கா டிஷ்ஷா, இல்ல ராக்கெட்டா? வாராவாரம் ஏத்தி இறக்கறியே" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். எல்லாரையும் கேலி பண்ணுகிறவளுக்குத் தன்னை ஒருத்தர் கேலி பண்ணினால் தாங்காது, உனக்குத் தெரியும். அடுத்த தடவை வரும்போது ஒரு பையில் சிமெண்டும் கொலுறு கரண்டியும் கொண்டுவந்தேன்.

மணல் உன் வீட்டு மூட்டையிலேயே இருந்தது. டிஷ்ஷை நேராக்கினேன். "வந்துச்சா?" என்றேன்.

"வந்துடுச்சி" என்றாய். முதல் தடவையே.

அதைக்கூட நான் கவனிக்கவில்லை. குழாயைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கலவையைப் போட்டு இறுக்கினேன். போதாது என்று டிஷ்ஷைத் திருப்புகிற நட்டு மேலேயும் அப்பினேன். மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்து, மொழுமொழுவென்று தேய்த்துவிட்டேன். இறங்கி வந்து, "இனிமே பூமி சுத்தினாலும் உன் டிஷ்ஷு சுத்தாதுக்கா. நூறு வருசம் நிக்கும்" என்றேன்.

நீ மேலே பார்த்துக்கொண்டே நின்றாய். "அவ்ளோ நாளு எதுக்குடி?" என்றாய். அப்புறம் வடகத்தை ஒரு தூக்கு நிறையப் போட்டு என்னிடம் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போன் வரவில்லை. என் கலவை அப்படி என்று எல்லாரிடமும் பெருமையடித்தேன். மேஸ்திரியிடமும் சொன்னேன். நடுவில் ஒரு தடவை மரக்காணத்தில் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் வழியாகத்தான் போனேன். பஸ் உன் தெரு முனையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். தளத்து ஓரத்தில் டிஷ் நேராக நின்றுகொண்டிருந்தது. சரி, அக்கா நல்லாத்தான் இருக்குது என்று நினைத்துக்கொண்டு, இறங்காமல் போய்விட்டேன்.

அக்கா, நான் டிஷ்ஷைப் பார்த்துவிட்டுப் போனேன். உன்னைப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் செல்வி போன் பண்ணினாள். காலையில் நீ எழுந்திருக்கவில்லை என்றாள். நான் ஓடி வந்தபோது எல்லாரும் வந்திருந்தார்கள். உன் வீட்டில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. டிவி ஓடிக்கொண்டே இருந்ததாம். "படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சிக்கா" என்றாள் செல்வி, என்னவோ எனக்கு ஆறுதல் சொல்வது போல.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உன் பிள்ளை, "சித்தி, உனக்கு எது வேணுமோ எடுத்துக்க" என்றான். டிஷ் என்றேன். ஏதோ கிண்டல் என்று நினைத்தான். நான் உளியும் சுத்தியும் வாங்கிக்கொண்டு ஏறினேன். என் கலவையை உடைக்க எனக்கே ஒரு மணி நேரம் ஆனது. கையில் கொப்புளம் போட்டுவிட்டது.

அப்போதுதான் டிஷ்ஷின் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தேன். முருங்கை மரத்துப் பக்க விளிம்பில் பெயிண்ட் உரிந்து, கோடு கோடாகக் கீறல். பத்து இருபது இருக்கும். பழைய கீறலெல்லாம் துருப்பிடித்திருந்தது. அவற்றுக்கு நடுவில் இரண்டு மூன்று புதுசாக, வெள்ளையாக. அந்த இடத்தில் விளிம்பே உள்பக்கமாக மடங்கிப் பள்ளமாகியிருந்தது. குழாய் அசையவில்லை, தகடுதான் வளைந்திருக்கிறது.

கீழே செல்வி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது தொரட்டி மாட்டின அடிக்கா" என்றாள்.

"எந்தத் தொரட்டி?"

"முருங்கக்கா பறிக்கறதுதான். உங்க அக்கா தொரட்டிய மாட்டி இழுத்துகினே இருக்கும். மரத்துல காயே இல்லியே, இன்னாத்தப் பறிக்குதுன்னு நெனப்பேன். அப்புறம் உள்ள வந்து போனக் குடுன்னும். நீ வந்து பூசிட்டுப் போனப்புறமும் ரெண்டு மூணு தபா இழுத்துது. வர்ல. அப்புறம் தொரட்டிய மரத்துல சாத்திட்டு உள்ள போய்டுச்சி."

தளத்து ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தொரட்டி முருங்கை மரத்தில் சாய்ந்தபடிதான் இருந்தது.

ஏன்க்கா, வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்திருக்க மாட்டேனா? அதுதான் எனக்கு ரொம்ப நாள் கோபம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், சும்மா வா என்று நீ கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். வேலை இருக்குது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருப்பேன். டிஷ் போச்சு என்றால்தான் வருவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னை நீ சரியாகத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தாய்.

இப்போதெல்லாம் யார் எது கெட்டுப்போச்சு என்று கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். போன வாரம் எதிர்வீட்டு அம்மா மிக்ஸி ஓடவில்லை என்றார்கள். எனக்கு மிக்ஸியைப் பற்றி ஒன்றும் தெரியாது. போய் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மிக்ஸி இன்னும் ஓடவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டிஷ்ஷின் பள்ளத்தை மகள் சுத்தியால் தட்டி நேராக்கச் சொல்கிறாள். நான் விடவில்லை. இன்று காலை கூழ் கொஞ்சம் தண்ணியாகிவிட்டது. ஊற்றிவிட்டு நான் இந்தப் பக்கம் வந்ததும், ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த டிஷ்ஷிலிருந்து அந்தப் பள்ளத்தின் வழியாகவே வழிந்து, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த மருமகனின் வெள்ளைச் சட்டைமேல் இறங்கியது. நான் இதை எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. வெயில் நல்ல வெயில். இப்போது போய்ப் பார்த்தேன். சட்டையும் காய்ந்துவிட்டது, வடகமும் காய்ந்துவிட்டது. மெதுவாகப் பிரித்தெடுத்தேன். உடையாமல் வந்தது. வடகத்தில் சட்டைப் பாக்கெட் பதிந்து தெரிகிறது, இரண்டு பொத்தானும் தெரிகிறது. இந்த ஒன்றுதான் தட்டையாக வந்திருக்கிறது.