எனக்குக் கேட்காத குரல்

பிப்ரவரி 5, 2025

அம்மா தூங்கிவிட்டாள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். விழித்துப் பார்த்தாலும் படிக்கிறேன் என்றுதான் நினைப்பாள்.

இன்று ஆபீஸில் பிரின்சிபால் அன்பழகன் ஐயா என்னைப் பார்த்ததும், "வாம்மா சத்யா, ஜூன்லேந்து நீயும் நம்ம ஸ்டூடண்ட்" என்றார். அம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அப்பா இறந்த வருஷம் இந்த வேதாகமக் கல்லூரியில் அம்மாவுக்கு வேலையும், இந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸும் கொடுத்தது அவர்தான். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

பிப்ரவரி 9

மூன்று வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல். பிழைத்தால் பிள்ளையைத் தேவ ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா பொருத்தனை பண்ணினாள். பிழைத்துவிட்டேன்.

எனக்கு நிலவியல் படிக்க வேண்டும். ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கம் சுருள் சுருளாக நத்தைக் கல் கிடக்கும், எப்போதோ கல்லாகிப்போன கடல் உயிர். கடல் இல்லாத ஊரில் அது எப்படி வந்தது என்று கேட்டால் இங்கே யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

இந்தக் கல்லூரியில் சேர மார்க் முக்கியமில்லை. தேவன் தன்னை எப்படி அழைத்தார் என்று ஆசிரியர்கள் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். ஒருத்தருக்குக் கனவு, ஒருத்தருக்கு விபத்து, ஒருத்தருக்குக் குரல். எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடி எவ்வளவோ நேரம் காத்திருந்து பார்த்துவிட்டேன். சிமெண்ட் லாரிச் சத்தம்தான் கேட்கிறது.

குரல் கேட்டது என்று சொன்னால் தேவன் முன்னாலேயே பொய். கேட்கவில்லை என்றால் பொருத்தனையை மீறினவள். கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பாரோ? என் உயிருக்குப் பதில் அம்மாவின் உயிரைக் கேட்டுவிட்டால்?

பிப்ரவரி 20

மேனேஜர் சுரேஷ்குமார் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கல்லூரியில் என்னோடு சிரித்துப் பேசுகிற பெரியவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு விருப்பமில்லை, அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றேன். முழுதும் கேட்டார்.

"கவலப்படாத பாப்பா. ஒரு ஆளுட்டயும் சொல்ல மாட்டேன். ஜெபத்துல மட்டும் வச்சிக்கிறேன்."

நெஞ்சு லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 21

ஐயோ.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அண்ணன் மைக் முன்னால் ஜெப விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "பேரு வேணாம். நம்ம வளாகத்துல பன்னெண்டாவது படிக்கிற ஒரு தங்கச்சி. ஊழியத்துக்கு வர மனசில்லையாம். அம்மாகிட்ட சொல்லப் பயப்படுது. அந்தப் புள்ளையோட மனசு மாற ஊக்கமா ஜெபிப்போம்."

வளாகத்தில் பன்னிரண்டாவது படிப்பது நான் ஒருத்திதான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக அழுதார்கள். அம்மா என் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தாள். திரும்பவே இல்லை.

ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்குத் தான் வாக்குத் தவறியதாகவே தோன்றவில்லை.

பிப்ரவரி 22

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றாள் அம்மா. அதோடு சரி.

மார்ச் 11

எல்லோரும் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. குழாயடியில், மெஸ்ஸில், பைக் ஸ்டாண்டில்கூட யாராவது தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள். இங்கிலீஷ் பரீட்சைக்குக் கிளம்பும்போது மூன்று பேர்.

பள்ளியில் கூடப் படிக்கும் ஃபைஸாவிடம் சொன்னேன். "பாஸ்டரம்மா, அப்படியே எங்க அத்தாவுக்கும் ஒரு ஜெபம் போடு. துபாய்ல லீவு குடுக்க மாட்டேங்குறானுவ" என்றாள். சிரித்துவிட்டு அழுதேன். "ஏய் லூசு, வெளையாட்டுக்குச் சொன்னேன்டி" என்று தன் கர்ச்சீப்பைத் தந்தாள்.

மே 9

நேற்று ரிசல்ட். நல்ல மார்க். அம்மா அடுப்படியில் திரும்பி நின்றபடி, "சந்தோஷம்" என்றாள்.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் முதலாம் ஆண்டு நடத்த முடியுமாம். ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள். இப்போது நான் பொருத்தனை மட்டும் இல்லை, ஆள் கணக்கும்கூட. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இன்டர்வியூவுக்குப் பேர் கொடுத்துவிட்டேன்.

சுரேஷ்குமார் அண்ணன் சாட்சி சொல்லப் பழக்குகிறார். "மூணே வரி பாப்பா. உலகத்த நேசிச்சேன். ஒரு குரல் கேட்டுச்சு. இதோ வந்துட்டேன். 'குரல்'னு சொல்றப்ப கொஞ்சம் நிறுத்து." நிறுத்திச் சொன்னேன். நன்றாகத்தான் வருகிறது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வருமா?

பயமா இருக்கு. என்னைப் பாத்தே பயமா இருக்கு.

மே 14

இன்டர்வியூ. நடுவில் பிரின்சிபால் ஐயா, ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் எபிரேயு மொழி நடத்தும் தங்கராசு ஐயா. பையன்களே அவரைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள். ஒரு மார்க் அதிகமாகப் போடமாட்டார், மதிய ஜெபத்தில் கொட்டாவி விட்டாலும் எழுப்பி நிறுத்துவார். மினிட்ஸ் எழுத அம்மாவும் ஓரத்தில் இருந்தாள்.

மூன்று வரியையும் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். பிரின்சிபால் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தங்கராசு ஐயா கேட்டார்: "குரலு எந்தப் பக்கத்துலேந்து கேட்டுச்சு?"

அண்ணன் இதற்குப் பழக்கவில்லை.

"பக்கத்துலயா, தூரத்துலயா? சொல்லும்மா. எனக்கு இருவத்தாறு வயசுல கேட்டுச்சு. இன்னிக்கிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அம்மாவின் பேனா நின்றுவிட்டது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தோன்றியது. தைரியம் இல்லை அது. இன்னொரு வரி சேர்த்துச் சொல்லத் தெம்பில்லை.

"கேக்கலீங்க ஐயா. ஒண்ணுமே கேக்கல."

"அப்பறம்?"

"சும்மா சொன்னேங்க."

அவர் திட்டவில்லை. பேப்பரை மட்டும் தள்ளி வைத்தார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஐயா, பொருத்தனை பண்ணுன புள்ள. அதுவும் அழைப்புதான்" என்றார் பிரின்சிபால் ஐயா.

"பத்துப் பேரு வேணுங்களே" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"வேணும்தான். அதுக்காக இல்லாத குரல நான் எழுதித் தர முடியாது. பொருத்தனை பண்ணது யாரு, இந்தப் புள்ளையா? பண்ணவங்க இங்கதான் இருக்காங்க. செலுத்த வேண்டியது அவங்க. அடுத்தவங்கள வச்சு செலுத்துறது எந்த ஊர் நியாயம்?"

யாரும் அம்மா பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள்?

மே 15

அம்மா இன்று சாப்பிடவில்லை. தங்கராசு ஐயா சொன்னது அவளைக் குத்தியிருக்கும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்களா? எங்க போவோம்? என்னாலதானே.

மே 18

காலையில் சேப்பலுக்குப் போன அம்மா மதியம் வரை வரவில்லை. தேடிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திரும்பிவிட்டேன்.

மே 21

ஆபீஸில் என்னைப் பார்த்ததும் எதையோ மறைக்கிறார்கள். கடைசியில் அண்ணன்தான் சொன்னார். இந்த முறை மைக் இல்லாமல், தாழ்ந்த குரலில்.

"உங்கம்மா இங்கயே முதலாம் ஆண்டு பி.டிஎச். படிக்க அப்ளிகேஷன் போட்டுருக்காங்க பாப்பா. காலைல கிளாஸு, மத்தியானம் ஆபீஸு. இன்னிக்கி இன்டர்வியூவும் முடிஞ்சிருச்சு. பத்து பேரு ஆயிட்டோம்."

"தங்கராசு ஐயா?"

"அரைமணி நேரம் கேள்வி கேட்டாரு. எங்கள வெளிய அனுப்பிட்டாரு. அப்பறம் கையெழுத்துப் போட்டுட்டாரு."

அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது.

எனக்காகவா இதைச் செய்தாள்? அல்லது அவளுக்கு உண்மையிலேயே எதுவோ கேட்டதா? எனக்காக மட்டும் என்றால் தங்கராசு ஐயா கண்டுபிடித்திருப்பார். அப்படித்தான் நம்ப வேண்டும். அவளிடம் கேட்டேன். "அத ஐயாகிட்ட சொல்லியாச்சு" என்றாள்.

ஜூலை 1

அரியலூர் அரசுக் கல்லூரியில் நேற்று முதல் வகுப்பு. நிலவியல். பெண்கள் நான்கு பேர் இருக்கிறோம்.

அம்மா எதிரில் உட்கார்ந்து எபிரேயு எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதிப் பார்க்கிறாள். கை பழகவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. வகுப்பில் மற்ற ஒன்பது பேரும் அவளை அக்கா என்கிறார்களாம். தங்கராசு ஐயா முதல் டெஸ்ட்டில் இருபதுக்கு நான்கு போட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்துக்கு முன் தலை நிமிராமலே கேட்டாள்.

"நாளைக்கி ஒனக்கு எத்தன மணிக்கு கிளாஸு?"

"பத்து மணிக்கும்மா."

"எனக்கு எட்டுக்கே. சோறு நீ வடிச்சிடு."