ஆற்றில் விட்ட புண்ணியம்

ஜூலை 14

இன்று என் வண்ணமீன் கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். இன்னொருவர் வக்கீல், சக்கர் மீனைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கும்போது சுண்டுவிரல் நீளம், இப்போது முழங்கை நீளம். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று சொல்லித்தான் விற்கிறேன். தொட்டிக்கே அடங்காது என்று சொல்லி விற்றால் கம்பத்தில் எவன் வாங்குவான்?

கொல்ல மனசு வரவில்லை. வழக்கம்போல வாளியோடு போய் முல்லையாற்றில் விட்டேன். மீனுக்கெல்லாம் ஜாமீன் எடுக்கிற ஆள் என்கிறாள் என் மனைவி கைருன்னிசா. நன்மை எனக்கு, வயிற்றெரிச்சல் அவளுக்கு.

ஜூலை 17

கர்ணன் வந்தான். பத்தாவதில் இரண்டு பேரும் சேர்ந்தே அறிவியலில் ஃபெயில். இன்று அவன் ஆற்றில் மீன் பிடிக்கிறான், நான் கண்ணாடித் தொட்டியில் மீன் விற்கிறேன். கூடவே ஷெரின் என்று ஒரு பெண். "காலேஜ்ல இருந்து வந்திருக்காக" என்றான். கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை ஆற்றில் எத்தனை வகை மீன் என்று எண்ணுகிறாராம்.

வலையில் சிக்கிய ஒன்றைக் காட்டினார்கள். கரும்புள்ளி, முள், ஹெல்மெட் போட்ட மாதிரி மண்டை. என் கடைச் சரக்கேதான்.

"எங்கன இருந்துடா வந்துச்சு இந்தச் சனியன்? வலையப் பூராக் கிழிச்சிருச்சு."

எனக்கென்ன தெரியும் என்றேன். கேரளாப் பக்கமிருந்து வந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். குமுளிக்கு அந்தப் பக்கம் பழியைப் போட்டால் இங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

ஜூலை 18

ஜும்மாவில் ஹஜ்ரத் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. மூன்று வருடமாக ஆற்றில் விடுகிறேன். மாதத்துக்கு ஒன்று, இரண்டு. ஐம்பது இருக்குமா? அதுகள் முட்டை வேறு போட்டிருக்குமே—

ஜூலை 20

கர்ணன், ஷெரினோடு பாலத்தடிக்குப் போனேன். கர்ணன் ஏழு தடவை வலை வீசினான். கெண்டை, கெளுத்தி, ஆரால், ஜிலேபி கொஞ்சம். சக்கர் பதினாறு. அயிரை ஒன்றுகூட இல்லை; அதன் முட்டையைச் சக்கர் தின்றுவிடுகிறதாம். அயிரை விற்றுத்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

சக்கர் எப்படி வந்தது என்ற இடத்தில் ஷெரின் 'தெரியவில்லை' என்று எழுதினார். அந்த எழுத்துக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு. த்தூ. மானங்கெட்டவன்.

ஜூலை 21

கர்ணனிடம் சொல்லிவிட்டேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். "கர்ணா, அது நான் விட்டதுடா." நிமிரவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டான். ஐம்பது இருக்கும் என்றேன்.

"புண்ணியத்துக்கு விட்டியாக்கும்?"

வலையைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தேவல. முப்பது வருசப் பழக்கம்டா. அழுதேன்னு எழுத வெக்கமா இருக்கு. அழுதேன்.

ஜூலை 22

ஷெரினிடமும் போனில் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், முதலில் விட்ட தேதி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறார். படித்தவர்கள்!

ஆகஸ்ட் 3

இனி சக்கர் விற்பதில்லை. திரும்பி வருவதை மட்டும் வாங்குகிறேன். மொட்டைமாடித் தொட்டியில் பதினொன்று கிடக்கின்றன. அது கைருன்னிசா துணி அலசுகிற தொட்டி. ஆக, என்னோடு பேசாதவர்கள் இப்போது இரண்டு பேர்.

ஆகஸ்ட் 24

ஞாயிறுதோறும் நானே வலை வீசி சக்கரைப் பிடிக்கப் போகிறேன். இன்றைய வேட்டை: சக்கர் நான்கு, என் லுங்கி ஒன்று. பாலத்தின் மேல் நின்று கர்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்தானா தெரியவில்லை.

செப்டம்பர் 14

ஷெரினின் பட்டியல் வந்தது. இருபத்தேழு வகை. கடைசியில் சக்கர்: 'கம்பத்து வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் விட்டது.' பெயர் போடவில்லை. போட்டிருந்தாலும் தப்பில்லை.

காலையில் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கர்ணன் கீழே இறங்கி வந்தான். ஏலே தள்ளு, இப்படிப் பிடித்தால் கொசுகூட மாட்டாது என்று வலையைப் பிடுங்கினான். ஐம்பத்தைந்து நாள் கழித்து அவன் என்னிடம் பேசியது இதுதான்.

ஒன்பது சக்கர். வலையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அயிரை துள்ளியது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது ஆத்தோடது. இத விட்டாத்தான்டா புண்ணியம்" என்று தண்ணீரில் விட்டான்.

குழம்பு போச்சே என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.