தாய்மாமனுக்குப் போன வசவு

16.7.2007, திங்கள்

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். கம்ப்யூட்டர் என்று ஒன்று வரும், அதில் ஊர்ச்சனம் கூடி அரட்டையடிக்கும், அங்கேயும் ஒருத்தன் நாட்டாமை செய்ய வருவான் என்று நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டே அந்தக் காலத்தில் சொன்னேன். இந்தச் சங்கிலிமுத்து ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தானே என்று சிரித்தார்கள்.

இன்று திருத்தங்கலில் வேல்விழியின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். மஸ்கட்டில் இருக்கும் என் மச்சினன் ஊர்க்காவலன் 'கரிசல் அரட்டை' என்ற தளத்தில் தினமும் எழுதுகிறானாம். அவனுக்கு விசா கிடைத்ததே என் செல்வாக்கால்தான் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அதற்குக் கோபம். போனில் என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிறான். அவனாகப் பேசட்டும் என்று அவன் அக்கா, என் பெண்டாட்டி மாடத்தியும் வீம்பாக இருக்கிறாள்.

ஆனால் செப்டம்பரில் மகள் பாண்டிச்செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டிவராமல் எங்கள் வழக்கத்தில் பெண் மணவறை ஏறாது. மாடத்திக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

நான் சொல்லச் சொல்ல வேல்விழி தட்டினாள். பாசமாகத்தான் சொன்னேன். "ஏலே செத்த மூதி, கூறுகெட்ட எருமை, கல்யாணத்துக்கு வந்து சேருலே." திரையில் வந்தது: "ஏலே ★★★★, ★★★★, கல்யாணத்துக்கு வந்து சேருலே."

"என்ன தாயி, பாதிய எலி தின்னுட்டுதா?"

"கெட்ட வார்த்தைக்கு வடிகட்டி வச்சிருக்காக மாமா. அதுவா நட்சத்திரம் போட்டுரும்."

"இதுல எது தாயி கெட்ட வார்த்தை?"

அவள் அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

17.7.2007

அவன் பார்ப்பதற்குள் பதிவையே தூக்கிவிட்டார்கள். நடுவர் என்று ஒருத்தர், பெயர்கூடப் போடாதவர், 'கண்ணியமாக எழுதவும்' என்று எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார். அவரை மூன்று மொழியில் விளாசினேன். மனதுக்குள்.

19.7.2007

லோடு. இடுப்பு வலி.

20.7.2007, வெள்ளி

கண்ணியம் எனக்குத் தெரியாதா? "மதிப்பிற்குரிய ஊர்க்காவலன் அவர்களுக்கு, தாங்கள் தங்கள் மருமகளின் திருமணத்திற்கு வருகை தந்து சிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." ஒரு நட்சத்திரம் விழவில்லை. நடுவர் நன்றி சொன்னார். கலெக்டர் ஆபீசில் நான் இருந்திருக்க வேண்டியவன்.

22.7.2007

பதில் வந்தது. "மரியாதை பலமா இருக்கு. அம்புட்டு தூரமாயிட்டோம்னு தெரியாமப் போச்சு. விசேஷத்தை நல்லபடியா நடத்துங்க."

வரமாட்டான். மாடத்தியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"பேதியில போவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா வந்திருப்பான். தாங்களாம், தங்களாம். யாரைக் கேட்டு அவனுக்கு மரியாதை குடுத்தீக?"

நியாயம்தானே. சம்பந்தத்தை முறித்துக்கொள்கிறவன்தான் எங்கள் பக்கம் மச்சினனுக்கு 'அவர்கள்' போடுவான். இது தெரிந்தும் எப்படி எழுதினேன்? அந்த நடுவர் என் புத்தியையும் வடிகட்டிவிட்டாரோ?

பிள்ளையைத் தனியாகவா மணவறைக்கு அனுப்புவது?

27.7.2007, வெள்ளி

எழுதிவிட்டேன். தலையில் ஆரம்பித்துக் கால்விரல் வரைக்கும் ஒரு பக்க வசவு. சிவகாசி வட்டாரத்தில் இப்படி ஒன்று இதுவரை பிறக்கவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஆள் தளத்தில் இருப்பான் என்றும் கணக்குப் போட்டேன். திரை முழுக்க நட்சத்திரம். இடையிடையே 'அக்கா', 'மருமக', 'மாலை', 'வாலே' மட்டும் தப்பித்திருந்தன.

சிறிது நேரத்தில் என்னை நிரந்தரமாக நீக்கிவிட்டதாக நடுவர் அறிவித்தார். நீக்கட்டும்.

28.7.2007

மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. மாடத்திதான் எடுத்தாள். இரண்டு பேரும் மாறி மாறி அழுதார்கள், திட்டினார்கள், அழுதார்கள். கடைசியில் என்னிடம் கொடுத்தாள். "மாமா, சாப்பிட்டீகளா?" என்றான். டிக்கெட் போட்டுவிட்டானாம்.

2.9.2007, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. ஊர்க்காவலன் கைபிடித்துக் கூட்டிவந்தபோது என் மகள் தரையைப் பார்க்கவில்லை, மாமன் முகத்தைப் பார்த்தே நடந்தாள். பந்தியில் அவன் சொன்னான்: "மிஞ்சுன வார்த்தைய வச்சே மிச்சத்தைப் படிச்சிட்டேன்." என் எழுத்தாற்றலைச் சபையில் நானே விளக்கினேன். காரியாபட்டிச் சம்பந்தி அசந்துபோனார்.

5.9.2007

நானும் மாடத்தியும் அவனை பஸ் ஏற்றிவிடப் போனோம். நிற்கும்போது கேட்டான்: "மாமா, அந்த வசவை அக்கா வாயில மட்டுந்தான் கேட்டிருக்கேன். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அந்த வசவு போன அன்று வேல்விழி கடையில் நான் மறுபடியும் 'மதிப்பிற்குரிய' என்றுதான் ஆரம்பித்தேன். மாடத்தி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை காது சிவக்கத் தட்டினாள். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை.

அவனிடம், "நான்தான் உங்க அக்காவுக்கே சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். பஸ் வரும்வரை திட்டினார்கள். நன்றாக இருந்தது.