அக்கா என்கிற வில்லங்கம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மகளும் நலம். நீ, உன் மனைவி, குழந்தை எல்லோரும் சுகந்தானே? குழந்தைக்கு இருமல் நின்றதா?

பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து உனக்கு ஒரு நோட்டீஸ் வரும். அதில் என்னை ‘உரிமை கோருபவர்’ என்றும் உன்னை ‘எதிர்மனுதாரர்’ என்றும் போட்டிருப்பார்கள். அக்கா கோர்ட்டுக்குப் போய்விட்டாள் என்று உனக்குப் பகீரென்று இருக்கும். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் கிடைக்கவேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தரகர், வீடு பார்க்க ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். நீ சொல்லித்தான் வந்ததாகச் சொன்னார். தெரிந்த விஷயம்போலத் தலையாட்டிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். பின்கட்டில் என் தையல் மெஷின்களைப் பார்த்ததும் அந்த அம்மா அளந்துகொண்டிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீடு தம்பி பெயரில், இந்தப் பின்கட்டு மட்டும் என் ஆயுசுவரைக்கும் அப்பா எனக்குக் கொடுத்தது என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். நம் இருவரையும் உட்காரவைத்து அப்பா வாயால் சொன்னதுதானே?

தரகர் சிரித்தார். சட்டம் மாறிவிட்டதாம். இனி ஒவ்வொரு மனைக்கும் பதிவேட்டில் ஒரே பக்கம். அடமானமோ, பாதையோ, குடியிருக்கும் உரிமையோ, அதில் ஏறாத எதுவும் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாதாம்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். வாய்ச்சொல்லாக வந்த உரிமைகளை ஏற்றிக்கொள்ள அவகாசம் உண்டு, ஆனால் உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாள் சன்னலில் இருந்த பெண். முழு வீட்டுக்கும் கோருகிறீர்களா என்று கேட்டாள். பின்கட்டும் அதற்குப் போகிற சந்தும் போதும் என்றேன். விண்ணப்பத்தின் தலைப்பு என்ன தெரியுமா? ‘வில்லங்கப் பதிவு’. உன் அக்கா இப்போது சட்டப்படியே ஒரு வில்லங்கம்! அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், வாங்க வந்த அந்த அம்மாவுக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். வியாபாரம் முறியுமோ, உன் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஆள் இருக்கறது எனக்குப் பயமில்ல அக்கா. வாங்கினப்புறம் தெரியாத யாராவது வந்து நிப்பாங்களோன்னுதான் பயம். எழுதிட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி.” முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் நாங்கள் என்பதற்கு அவர் கணவரும் சம்மதித்துவிட்டார்.

நீ விற்பதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே உனக்கு வேலை போய்விட்டது என்று உன் மனைவி என் மகளிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் சொல்ல ஏன் கூசினாய்?

நோட்டீஸை நிதானமாகப் படி. மறுப்பு எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். மனம் ஒப்பாவிட்டால் எழுது, கோபிக்க மாட்டேன். ஆனால் பின்கட்டில் வசிக்கும் உரிமை யார் யாருக்கு என்று ஒரு வரி இருக்கும். எனக்கும் மகளுக்கும் மட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். ‘என் குடும்பத்தார்’ என்று போடச் சொன்னேன். அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. முடிந்தால் தபாலில் அனுப்பாமல் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தே போடு.

மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா