பேச்சுவாக்கில் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறார், பார்த்து ஏறுங்கள் என்றால் எனக்கென்ன வயசா ஆயிடுச்சு என்கிறார். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா? போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். போனில் நீ என்னை முழுசாகப் பேசவிடுவதில்லை, அதனால் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

எங்கள் ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்பு தேய்க்கும் பெரிய உருளை மிஷின் இருக்கிறதே, அதன் முன்னால் ஒரு கம்பி உண்டு, கை பட்டால் உருளை நின்றுவிட வேண்டும். போன மாதம் அது நிற்காமல் ஓட ஆரம்பித்தது. சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை எல்லார் முன்னாலும், யாராவது கை போனப்புறம்தான் நிறுத்துவீங்களா, இப்பவே ஆஃப் பண்ணுங்க என்று கத்தினேன். பாக்கலாம்மா, இன்னைக்கு லோடு ஜாஸ்தி என்றார். நாலாம் நாள், என் பக்கத்தில் நின்று விரிப்பு விடும் பூனைக்கண்ணுவின் வலது கை உள்ளே போய்விட்டது. நீ கிளம்பிய அன்று உன் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடிக் கொடுத்தாளே, அவள்தான்.

அப்புறம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் வாக்குமூலம் என்று இங்கிலீஷில் ஒரு தாள் அடித்து வைத்திருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள்தான், ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். மிஷினைப் பற்றி நான் 'மென்ஷன்' செய்தேன் என்று இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, 'வார்ன்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று உன்னிடம் போனில் கேட்டால், மென்ஷனோ வார்னோ கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா, வேலை போயிடப் போகுது, பேசாம போட்டுக் குடு என்றாய். ஒன்றா? நீ விட்டுப்போன டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். மென்ஷன் என்றால் பேச்சோடு பேச்சாகச் சொல்வது, வார்ன் என்றால் எச்சரிப்பது. வானம் இருட்டுது என்று சொல்வதும், வீடு எரியுது ஓடி வாங்க என்று அலறுவதும் ஒன்றா? நான் பேச்சுவாக்கில்தான் சொன்னேன் என்றால் ஆபத்து அவர்களுக்குத் தெரியாது என்று ஆகிவிடும், பழி முழுக்க பூனைக்கண்ணுவின் கவனக்குறைவின் மேல் விழும்.

மறுநாள் போய் 'வார்ன்' என்று மாற்றுங்கள் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, சரி, 'இன்ஃபார்ம்'னு போட்டுடலாம் என்றார். அது தகவல், கேன்டீன் பூட்டியிருக்கு என்பது மாதிரி, வேண்டாம் என்றேன். 'அட்வைஸ்' என்றார். அட்வைஸ் பண்ண நான் என்ன சூப்பர்வைசருக்கு மாமியாரா என்றேன். டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு முகம் மாறிவிட்டது, எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா என்றார். இங்கிலீஷ் உங்களுது சார், சொன்ன வாய் என்னுது என்றேன். அவர் மாற்றவில்லை. நானே பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, மேலே 'வார்ன்ட்' என்று எழுதி, மூன்று தேதியையும் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். டைப்பிஸ்ட் கேட்காமலே ஒரு நகல் எடுத்து என் கையில் திணித்தாள்.

மிஷினை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கப் போட்டிருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை, நாறட்டும். பூனைக்கண்ணுவுக்கு இனி இரண்டு விரல் மடங்காதாம். நகலைக் கொண்டுபோய்க் காட்டி, ஒரு சொல்லை மாற்றினேன் என்றேன். எந்தச் சொல்லு அக்கா என்றாள், தொட்டுக் காட்டினேன். நான்தான் கவனிக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க, கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்கா என்று சொல்லி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டிருந்தால் ஒன்றுதான் என்று நீ சொல்லியிருக்கமாட்டாய்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். போகாதே என்று சொல்ல போன் செய்யாதே. எப்படிப் பேசினாய் என்று கேட்பதானால் செவ்வாய்க்கிழமை செய், காத்திருப்பேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. குழந்தைக்கு என் முத்தம்.

கோபம் இன்னும் தீராத, ஆனாலும் உன்னுடைய,
அம்மா