ஒரே வீட்டு வரியை ஒரு கையில் வாங்கி வைத்துக்கொண்டு மறு கையை நீட்டுவது குறித்து

அனுப்புநர்
சலவைக் கடைக்காரர்,
புதிய எண் 31 (பழைய எண் 14),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வரிசை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: செலுத்திய சொத்து வரியை “உரிமை கோரப்படாத தொகை” என்று அறிவித்துவிட்டு, அதே வரியைச் செலுத்தவில்லை என்று கடைக்கு சீல் வைத்ததையும், வீட்டை ஏலம் விட நாள் குறித்ததையும் ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வருவாய்ப் பிரிவின் சிவப்பு அறிவிப்பு. 2. கணக்குப் பிரிவின் பத்திரிகை விளம்பரம். (இரண்டின் அடியிலும் இருப்பது தங்கள் கையொப்பமே.)

மதிப்பிற்குரிய ஐயா,

மனு என்றால் மதிப்போடுதான் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே மதிப்போடு தொடங்குகிறேன். முடியும் வரை அது தாங்குமா என்பது தங்கள் அலுவலகம் செய்து வைத்திருக்கும் காரியத்தைப் பொறுத்தது.

1. மேற்படி முகவரியில் முன்பக்கம் சலவைக் கடையும் பின்பக்கம் வீடுமாக என் தந்தையார், நான், என் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் வசித்து வருகிறோம். கட்டடம் தந்தையார் பெயரில் உள்ளது. அவர் வரி கட்டும் விதமே தனி. அரையாண்டு பிறந்த அன்று, கவுண்டரில் உட்காருபவர் வந்து நாற்காலியைத் துடைப்பதற்கு முன்பே இவர் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரும் வழியில் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி “நம்ம கடமை முடிஞ்சுது” என்பார். எங்கள் தெருவில் இது ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

2. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகம் தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் புது எண் கொடுத்தது. இரண்டு ஊழியர்கள் பெயின்ட் டப்பாவுடன் வந்து, எங்கள் கதவு நிலையில் இருந்த 14-ஐ அழித்து 31 என்று எழுதிவிட்டுப் போனார்கள். வீடு அதே இடத்தில்தான் நின்றது. கூரை, சுவர், உள்ளே இருந்த நாங்கள் என எதுவும் இடம் மாறவில்லை. இந்தச் சிறு விவரம் தங்கள் அலுவலகத்துக்கு இன்று வரை எட்டவில்லை.

3. தந்தையார் வழக்கம்போலக் கவுண்டரில் பழைய எண்ணைச் சொல்லியே வரி கட்டி வந்தார். தங்கள் ஊழியரும் அதே எண்ணில் வாங்கி, அதே எண்ணில் ரசீது கொடுத்து வந்தார். ஒரு முறை கூட “பெரியவரே, உங்க நம்பர் மாறிடுச்சே” என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பணத்தை எண்ணுவதற்கு மட்டும் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

4. சென்ற மாதம் எங்கள் கடைக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. புதிய எண் 31-க்கு எண் மாறிய நாள் முதல் வரியே கட்டவில்லையாம். வட்டி, அபராதம், எச்சரிக்கை எல்லாம் வரிசையாக இருந்தன. தலைப்பில் கொட்டை எழுத்தில் “நீண்டகால பாக்கிதாரர்”, அதற்குக் கீழே என் தந்தையார் பெயர். பசை மட்டும் முதல் தரமானது. நாங்கள் சுரண்டிப் பார்த்தும் வரவில்லை.

5. ரசீதுகளை எடுத்துக்கொண்டு வருவாய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அவர் சொன்ன பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன். தாங்களே படித்து மகிழலாம்: “ரசீதெல்லாம் உண்மைதாங்க. ஆனா இது பதினாலாம் நம்பர் வீட்டுக்குக் கட்டுனது. பதினாலாம் நம்பர்னு ஒரு வீடே இல்லையே!” இல்லாத வீட்டுக்கு ஏன் வரி வாங்கினீர்கள் என்று கேட்டேன். “கட்டுனா வாங்கிக்கத்தான் செய்வோம்” என்றார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. அரசாங்கச் சம்பளம் முகத்துக்கு இவ்வளவு நல்லது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

6. அந்த வாரமே இன்னொரு வேடிக்கை நடந்தது. தேய்த்த துணிகளைச் சுற்றிக் கொடுக்க நாங்கள் பழைய செய்தித்தாளை எடை போட்டு வாங்குவது வழக்கம். என் மனைவி ஒரு சட்டையைச் சுற்றப் போனவள் தாளைக் கையில் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டாள். “என்னங்க, மாமா பேரு பேப்பர்ல வந்திருக்கு!” தங்கள் கணக்குப் பிரிவு கொடுத்த விளம்பரம் அது. நகராட்சியிடம் உரிமை கோரப்படாமல் கிடக்கும் தொகைகள், அவற்றின் உரியவர்களை “முழு முயற்சி செய்தும் கண்டறிய இயலவில்லை”, ஆகவே தொண்ணூறு நாட்களில் யாரும் வராவிட்டால் பொது நிதியில் சேர்க்கப்படும் என்று இருந்தது. அதில் தந்தையார் பெயரும், கதவு எண் 14-ம், எண் மாறிய நாள் முதல் அவர் கட்டிய வரியும் அப்படியே இருந்தன. கேட்கப்படும் வரியும் அதுவும் ஒரு காசு கூட மாறாமல் ஒன்றே. கூடுதலாக இருப்பது தாங்கள் போட்ட வட்டியும் அபராதமும்தான். எங்கள் பணம் தங்களிடம் தூங்கிய காலத்துக்கு நாங்கள் தங்களுக்கு வாடகை தர வேண்டும் போலிருக்கிறது.

7. முழு முயற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முயற்சி எப்படி நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தவன். எண் 14-ஐத் தேடித் தங்கள் வருவாய் ஆய்வாளர் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வந்தார். வெயிலுக்கு எங்கள் கடைக்குள் ஒதுங்கினார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேன்ட்டுகளைத் தேய்க்கக் கொடுத்து, “அவசரம், நாளைக்குள்ள வேணும்” என்றார். அப்போது என் தந்தையார் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் எழுந்து போய், எண் 14 என்ற வீடு தெருவில் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்; அதைப் பின்னர் கணக்குப் பிரிவின் கோப்பில்தான் பார்த்தேன். எதற்காக வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு நாங்கள் யார் என்று தெரியாமல் போனதற்கு நான் வருந்தவில்லை. தேய்த்த கூலியை அவர் இன்னும் தராததற்கு மட்டும் வருந்துகிறேன்.

8. விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்கு ஓடினேன். பணம் தருவார்களாம், ஆனால் அதற்கு வரி பாக்கி இல்லை என்று வருவாய்ப் பிரிவு சான்று தர வேண்டுமாம். வருவாய்ப் பிரிவில் கேட்டால், பாக்கியைக் கட்டினால் சான்று தருவார்களாம். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தட்டி. ஒருவர் தும்மினால் இன்னொருவர் கைக்குட்டை தேடுகிறார். அந்தத் தட்டியைத் தட்டி, “உங்ககிட்ட இருக்குற பணம் இவங்களுதுதான், இந்தப் பக்கம் மாத்திடுங்க” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. என்னை மட்டும் இருவரும் பந்தாடினார்கள். கரடியாகக் கத்தியும் பார்த்தேன். “சார், மேல எழுதிக் குடுங்க” என்றார்கள். மேலே என்பது தாங்கள்தான். தங்களுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றும் விசாரணைக்காக வருவாய்ப் பிரிவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அந்த எழுத்தர் இப்போது என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கிறார்.

9. கடைசியாக, விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. நான் இங்கே தங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்த அதே பகலில், தங்கள் ஆட்கள் அங்கே போய்க் கடைக்கு சீல் வைத்தார்கள். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிறது, அணைத்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி கெஞ்சிய பிறகே ஒரு நிமிடம் விட்டார்கள். உள்ளே தெருக்காரர்களின் துணிகள் மாட்டிக்கொண்டன. தினமும் வந்து கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. தங்கள் ஆட்களும் வந்து கேட்கிறார்கள். ஏனெனில் சீல் வைத்தவர் சட்டையும், கணக்கு அலுவலரின் இரண்டு சேலைகளும், தாங்கள் ஆண்டு விழாவுக்காகக் கொடுத்தனுப்பிய கோட்டும் அதே கடைக்குள்தான் தொங்குகின்றன. கோட்டை எப்படியாவது எடுத்துத் தரும்படி தங்கள் ஓட்டுநர் இரண்டு முறை வந்து போனார். சீலை உடைப்பது குற்றம் என்று அதில் தாங்களே எழுதியிருப்பதை அவரிடம் காட்டி அனுப்பினேன்.

10. இதுவரை எழுதியதெல்லாம் எரிச்சல். எங்கள் கஷ்டம் வேறு. அடுத்த வியாழக்கிழமை வீட்டை ஏலம் விடுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அந்த வீட்டை என் தந்தையார் பிறர் துணியைத் துவைத்துச் சம்பாதித்ததில் கட்டினார். சிவப்புத் தாள் ஒட்டிய நாளில் டீக்கடையில் ஒருவர் “என்ன பெரியவரே, நீங்களுமா?” என்று சிரித்திருக்கிறார். அன்று முதல் தந்தையார் அந்தப் பக்கம் போவதில்லை. முன் கதவு சீல் வைக்கப்பட்டபின் நாங்கள் பின் சந்து வழியாகப் போய் வருகிறோம். அவர் அந்த வழியாகவும் வெளியே வருவதில்லை. ரசீதுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, தான் ஏதோ தப்பாகக் கட்டிவிட்டதாகத் தேடிக்கொண்டே இருக்கிறார். நேற்று என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, நான் கட்டுனேன்னு நீயாவது நம்புறியா?” வாழ்நாளில் ஒரு தவணை தவறாத மனிதர், பெற்ற மகனிடம் அதைக் கேட்க வேண்டிய நிலைக்குத் தங்கள் அலுவலகம் அவரைக் கொண்டுவந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அதற்காகத் தங்களை என்னால் மன்னிக்க முடியாது. மன்னிப்பு இந்த மனுவில் கோரப்படும் பொருளும் அல்ல.

11. எங்கள் தொழிலில் துணி மாறிப்போவதுண்டு. மாறினால் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஓடிப்போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவோம். “உன் சட்டை என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் நீ யாரென்று தெரியவில்லை, ஆகவே சட்டை தராததற்கு அபராதம் கட்டு” என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் கடை நடக்காது. அலுவலகம் மட்டும் நடக்கிறது.

12. ஆகவே, ஏலத்தை இன்றே ரத்து செய்யவும், எண் 14-ன் பெயரில் கிடக்கும் தொகையை எண் 31-க்கு மாற்றி வட்டியையும் அபராதத்தையும் நீக்கவும், சீலை அகற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். சிவப்புத் தாளை ஒட்டிய அதே ஆட்கள், தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள அதே பகல் வேளையில் வந்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். திருட்டுத்தனமாக வந்து எடுத்துவிட்டுப் போவதை ஏற்க மாட்டோம்.

13. இவை அனைத்துக்கும் முன்பாகத் தங்கள் விளம்பரப்படி உரியவரைக் கண்டறிய வேண்டும் அல்லவா? அந்தச் சிரமம் தங்களுக்கு வேண்டாம். இன்று காலை என் தந்தையார், “அவங்களால கண்டுபிடிக்க முடியலைன்னா, நானே போய் உக்காந்துக்கறேன்” என்று சொல்லி என்னோடு புறப்பட்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியில் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். தாங்கள் உள்ளே வரும்போது ஒரு முதியவர் எழுந்து நின்று கும்பிட்டாரே, தாங்கள் கைபேசியில் பேசியபடி கடந்து வந்தீர்களே, அவர்தான். இந்த மனுவைத் தாங்கள் படித்து முடிக்கும் வரை அங்கேயே இருப்பார். காது சற்று மந்தம். ஆகவே மணி அடித்து அழைக்காமல், தாங்களே எழுந்து, கதவைத் திறந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை, அலுவலகம் திறந்த நேரம்.
இடம்: தங்கள் அறைக்கு வெளியே, இடது பக்க பெஞ்சு.

இப்படிக்கு,
மேற்படி “கண்டறிய இயலாத” நபரின் மகன்,
(ஒப்பம்)